ஓடினால் பசிக்கும்

விருமாயி வாசற்படி ஏறவில்லை. தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்கிச் சுவரோரம் சாத்தினாள். அரிவாளைக் கட்டுக்குள் செருகினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கு வெளியே வெயிலிலேயே நின்றாள். உள்ளே என் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சரு, ஒரு நிமிசம்."

வெளியே போனேன். புல்லில் ஒட்டியிருந்த ஈரமண் வாசனை வந்தது.

"எம் மகள இனிமே ஓட விடாதீக."

"பாண்டியம்மாளையா? ஏன், விழுந்துட்டாளா? முள்ளு குத்திருச்சா?"

"முள்ளு குத்துனா பிடுங்கிக்கிருவா. அதுக்கா வாரேன்? ஓடுனா பசிக்கிது டீச்சரு. வீட்டுக்கு வந்ததும் வராததுமா கஞ்சிச் சட்டிய உருட்டுறா. அம்புட்டுப் பேருக்கும் வச்சத பொழுது சாயிறதுக்குள்ள இவ ஒருத்தி குடிச்சுப்புட்டா, மத்தவுக என்னத்தக் குடிக்க? சும்மா உக்கார வச்சுப் படிப்பச் சொல்லிக் குடுங்க. அவ ஓடலைன்னு யாரு அழுதா?"

சண்டைக்கு வந்தவள் போலப் பேசவில்லை. நாளையிலிருந்து பால் கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள் என்று பால்காரரிடம் சொல்வது போலச் சொன்னாள்.

சண்டைக்குப் போனது நான்தான். "ஏம்மா, பெத்தவ பேசுற பேச்சா இது? பிள்ளை ஓடியாடுனாத்தானே எலும்பு பலப்படும், நெஞ்சு விரியும், ரத்தம் ஓடும்" என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த பாடம் முழுவதையும் அந்த வாசலில் வைத்து ஒப்பித்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அந்த வயதில் தெரியாததே கிடையாது.

விருமாயி பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும், "செத்த ஒரு கை பிடிங்க டீச்சரு" என்றாள். புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைக்க உதவினேன். என் இடுப்பு விட்டுப்போனது. அந்தச் சுமையோடு அவள் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

ஆனையூர் வாசகருக்கு

போன வாரம் ஆனையூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். என் தொடரைத் தவறாமல் படிக்கிறாராம். 'அந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படி ஓடியாடி விளையாடினார்கள்! இப்போது என் பேரன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். அந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்' என்று கேட்டிருந்தார். நல்ல மனிதர். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஆனால் ஐயா, நீங்கள் எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். காலையில் உட்கார்ந்தால் மணியடிக்கும்வரை. தரையில், சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி. அப்படி உட்கார வைத்தவர்களில் நானும் ஒருத்தி. கண்ணை மூடிக்கொண்டு பழைய காலத்தைப் புகழ்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் இந்த வாரம் வேறு எழுத நினைத்திருந்ததைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் வீட்டில் ஓடினார்களே, ஆடு மேய்த்தார்களே, பருத்தி எடுத்தார்களே என்பீர்கள். ஆமாம், செய்தார்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளையைப் பார்த்து விளையாடுகிறாள் என்று சொல்ல எப்படி ஐயா மனசு வருகிறது?

கையைக் கட்டு, வாயைப் பொத்து

நான் மதுரை பழங்காநத்தத்துக்காரி. வீட்டுக்கு வெளியே காலை வைத்தால் கடை, கடையைத் தாண்டினால் ரோடு, ரோட்டில் லாரி. ஓட இடம் கிடையாது, பெண்பிள்ளை ஓடினால் வீட்டில் விளக்குமாறு பறக்கும். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோதுதான் வெள்ளை கான்வாஸ் ஷூ மாட்டி, சேலையை இழுத்துச் செருகி, முதல் முறையாக வாழ்க்கையில் ஓடினேன். மூச்சு இரைத்தது. சிரிப்பு அடங்கவில்லை. இதை இத்தனை நாள் என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்தார்களே என்று அன்றைக்கே எனக்குக் கோபம்.

வேலை கிடைத்தது எழுமலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில். பெயர் வேண்டாம். எழுமலையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மதுரைக்கு பஸ் ஏறிவிடுவேன். பள்ளிக்கூடம் இரண்டு ஓட்டு வகுப்பறையும் ஒரு தாழ்வாரமும். ஐந்து வகுப்பு, மூன்று வாத்தியார்.

தலைமை ஆசிரியர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சைக்கிளில் வருவார். நாங்கள் ஹெச்.எம். சார் என்போம். கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது. காய்ச்சல் கண்ட பிள்ளையைச் சைக்கிளில் வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவருக்குச் சத்தம் ஆகாது. சத்தம் வராத பள்ளிக்கூடம்தான் நல்ல பள்ளிக்கூடம். இது அவருடைய கண்டுபிடிப்பும் அல்ல. ஊரும் அப்படித்தான் நினைத்தது, ஆய்வுக்கு வந்த அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ரோட்டில் போகிறவர், "அந்த ஹெச்.எம். வந்த பெறகு பள்ளிக்கூடம் இருக்கா இல்லையான்னே தெரியல" என்று பாராட்டுவார். சுடுகாட்டைக்கூட அப்படிப் பாராட்டலாம்.

கால அட்டவணையில் தினமும் கடைசிப் பிரிவேளை உடற்கல்வி என்று அழகாக எழுதித் தொங்கியது. அந்த நேரத்தில் பெரிய பிள்ளைகள் மறுநாள் மதிய உணவுச் சமையலுக்கு விறகு பொறுக்கப் போவார்கள், பானைக்குத் தண்ணீர் தூக்குவார்கள். சின்னப் பிள்ளைகள் கையைக் கட்டி, வாயில் விரலை வைத்து உட்கார்ந்திருக்கும். யார் ஆடாமல் அசையாமல் இருக்கிறார்களோ அவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்புவோம். அதுதான் பரிசு.

முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். என் வகுப்பு மற்ற இரண்டு பேரின் வகுப்பைவிட அமைதியாக இருக்கிறது என்று பெருமைவேறு. ஒருநாள் ஒரு சின்னப் பயல் அசையாமல் உட்கார்ந்து உட்கார்ந்து, கால் மரத்துப்போய், மணியடித்ததும் எழுந்து நிற்க முடியாமல் பொத்தென்று விழுந்தான். பிள்ளைகள் சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வறண்ட கண்மாய்

பள்ளிக்கூடத்துக்கு மைதானம் கிடையாது. பின்னாலிருந்த களம் ஊர்ப் பெரிய வீட்டுக்குச் சொந்தம். மிளகாயும் நிலக்கடலையும் காயும், பிள்ளைகளின் கால் படக்கூடாது. ஆனால் கண்மாய் இருந்தது. நான் வந்த இரண்டாம் வருடம், மழை பொய்த்த வருடம் அது. கண்மாய் முழுக்க வெடித்துக் கிடந்தது, வெடிப்பில் கட்டைவிரல் மாட்டும், கருவேல முள் சிதறிக் கிடக்கும். இருந்தாலும் அம்புட்டுப் பெரிய இடம். யாருக்கும் சொந்தமில்லை, யாருக்கும் சத்தமும் கேட்காது.

கடைசிப் பிரிவேளைக்குப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். மடையிலிருந்து நடுக் கண்மாயில் நின்ற கருவேல மரம்வரை ஓட வேண்டும், மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். முதல் நாள் பிள்ளைகளுக்கு ஓடத் தெரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? வரிசையில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தன. "ஓடுங்க" என்றேன். "எதுக்கு டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டான். "சும்மா ஓடுறா." சும்மா ஓடுவது அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் சேலையைச் செருகிக்கொண்டு நானே ஓடினேன். அப்புறம் என்ன, ஒரே கூச்சல், ஒரே புழுதி.

மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. "மதுரை டீச்சரு கம்மாய்க்குள்ள ஓடுதாம்ல!" கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஹெச்.எம். சார் கூப்பிட்டுச் சொன்னார், "என்ன டீச்சர், நீங்களும் சின்னப் பிள்ளை மாதிரி? ஏதோ பண்ணுங்க. சத்தம் இங்க கேக்கக் கூடாது."

ஓடிய அந்தப் பிள்ளைகளுக்குள்தான் பாண்டியம்மாளைப் பார்த்தேன். வகுப்பில் மாதக்கணக்காக என் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைதான். ஒன்பது வயது, எண்ணெய் காணாத தலை, ஊக்கு போட்டுப் பிடித்த பாவாடை. கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். கண்மாயில் கால் வைத்ததும் அது வேறு பிள்ளை. மற்றவர்கள் மரத்தைத் தொடும்போது அவள் திரும்பிப் பாதி தூரம் வந்திருப்பாள். வந்து நின்று, முழங்காலில் கையூன்றி, என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எத்தனை மாதமாக என் வகுப்பில் இருக்கிறாள், அவளுக்கு முன்பல் ஒன்று உடைந்திருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் அதுவரை வாயைத் திறந்து சிரித்ததே இல்லை.

அப்படி ஓடிய பிள்ளையைத்தான் ஓட விடாதீர்கள் என்று விருமாயி வந்து சொன்னது.

எண்ணிக்கை

விருமாயி போன பிறகு அன்று முழுக்க எனக்குப் பாடம் ஓடவில்லை. அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஓடினால் பசிக்கும். பசித்தால் சோறு வேண்டும். சோறு இல்லை. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு நூறு விதமான விளையாட்டு சொல்லிக் கொடுத்தார்கள். விளையாடி முடித்த பிள்ளை எதைத் தின்னும் என்று ஒருத்தர்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மதிய உணவு இருந்ததே என்று உங்களுக்குத் தோன்றும். இருந்தது. ஆனால் எல்லாருக்கும் சத்துணவு வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்தைய கதை இது. இத்தனை பிள்ளைகளுக்கு என்று மேலேயிருந்து ஓர் எண்ணிக்கை வரும். அந்த எண்ணிக்கைக்குப் பெயர் எழுதிப் பட்டியல் போடுவார்கள். பட்டியலில் உள்ள பிள்ளைகள் தட்டோடு தாழ்வாரத்தில் உட்காரும். மற்றதுகள் வீட்டுக்குப் போகும், அல்லது வீட்டுக்குப் போகிற மாதிரி போய்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டு வரும். கோதுமை ரவையை வெளிநாட்டு எண்ணெயில் கிண்டுவார்கள். அந்த வாடை மட்டும் எண்ணிக்கை பார்க்காமல் எல்லா வகுப்புக்கும் வரும். பாண்டியம்மாள் பட்டியலில் இல்லை.

ஹெச்.எம். சாரிடம் போனேன். "சார், பாண்டியம்மா பேரைச் சேர்க்கணும்."

"டீச்சர், நான் என்ன மாட்டேங்குறனா? எண்ணிக்கை எண்ணிக்கைதான். ஒரு தலை கூடுதலா உக்காந்திருக்கறப்ப ஆபீசர் வந்து எண்ணுனா என் வேலை போகும். நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

"யாராவது வராத நாள்ல?"

"இன்னைக்கு ஒண்ணுக்குக் குடுத்தா நாளைக்கு ஒம்பது வந்து நிக்கும். விடுங்க டீச்சர்."

விட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்று மாலை கண்மாய்க்குப் போனதும், "பாண்டியம்மா, நீ உட்காரு" என்றேன். அவள் போய் மடைக் கல்லில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் ஓடியதைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே பல நாள் போனது.

சுற்றறிக்கை

ஒருநாள் காலை சுற்றறிக்கை வந்தது. ஒன்றியத்திலுள்ள தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து உசிலம்பட்டியில் விளையாட்டுப் போட்டி. குழந்தைகளின் உடல் வளர்ச்சி குறித்து ஒரு பக்கத்துக்கு முன்னுரை. ஒவ்வொரு பள்ளியும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும், கலந்துகொள்ளாத பள்ளியின் தலைமை ஆசிரியர் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

அவ்வளவுதான். ஒரே நாளில் ஹெச்.எம். சாருக்கு ஓட்டத்தின் மேல் அப்படி ஒரு பக்தி வந்துவிட்டது. "டீச்சர், கம்மாய்ல ஒரு பிள்ளை பறக்குமாமே? ஆடு மேய்க்கிறவங்ககூடச் சொல்றாங்க. யாரு அது?"

"பாண்டியம்மா சார். அவங்க அம்மா ஓட விட மாட்டாங்க. பசிக்குதாம்."

மேசையிலிருந்த சுற்றறிக்கையை இன்னொரு தடவை பார்த்தார். "மதியம் உக்காரச் சொல்லுங்க. சமாளிச்சுக்கலாம்."

எண்ணிக்கை எண்ணிக்கைதான் என்றவர் சொல்கிறார், சமாளித்துக்கொள்ளலாமாம்! அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே விருமாயி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் பருத்திமாரை ஒடித்து அடுப்புக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விருமாயி, பாண்டியம்மாளுக்கு மதியம் பள்ளிக்கூடத்துலயே சாப்பாடு. ஓட விடுறியா?"

நிமிர்ந்து பார்த்தாள். "சோறு போடுவீகன்னா ஓடட்டும். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்றாள். அப்புறம், "எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். ஹெச்.எம். சாரிடம் நான் கேட்காத கேள்வி அது. "போடுவோம் விருமாயி" என்று மட்டும் சொன்னேன். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. அவளும் டீச்சர் சொன்னால் சரி என்று விட்டுவிட்டாள்.

பதினைந்து நாள் பாண்டியம்மாள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. எந்த அதிகாரியும் தலையை எண்ண வரவில்லை. ஹெச்.எம். சாரே பக்கத்தில் நின்று, "அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி வை" என்பார். ஒருநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு அவித்த முட்டைகூட வந்தது. சாயங்காலம் கண்மாயில் அவள் ஓடுவதை இப்போது அவரும் கரையில் நின்று பார்த்தார். சத்தம் கேட்கக் கூடாது என்றவர் "விடாத, விடாத!" என்று கத்தினார்.

எவர்சில்வர் தட்டு

உசிலம்பட்டியில் ஏதோ ஓர் உயர்நிலைப் பள்ளி மைதானம். பந்தல், மைக் செட், சவ்வு மிட்டாய்க்காரர். தவளை ஓட்டம், சாக்கு ஓட்டம், எலுமிச்சம்பழ ஓட்டம் எல்லாம் நடந்தது. மேடையில் பேசியவர்கள் உடற்பயிற்சியின் அவசியத்தைப் பற்றி அரை நாள் பேசினார்கள். பிள்ளைகள் அரை நாள் வெயிலில் கையைக் கட்டி உட்கார்ந்து கேட்டன.

ஓட்டத்தில் பாண்டியம்மாள்தான் முதல். இரண்டாவது வந்த பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம். பரிசாக ஓர் எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். விளிம்பில் புள்ளி புள்ளியாக 'ஓட்டம் முதல் பரிசு' என்று வெட்டியிருந்தது. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே வந்தாள். "எங்க வீட்டுல எல்லாம் அலுமினியம் டீச்சர்" என்றாள்.

மறுநாள் மதியம் மணியடித்தது. பாண்டியம்மாள் அந்தப் புதுத்தட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்தாள். சமையல் செய்கிற அக்கா ஒவ்வொரு தட்டாக வைத்துக்கொண்டே வந்தாள். இவளிடம் வந்து கரண்டியை இறக்கும்போது, தாழ்வாரத்து முனையிலிருந்து ஹெச்.எம். சார் குரல் கொடுத்தார்.

"அதுக்கு வேண்டாம். போட்டி முடிஞ்சிருச்சில்ல."

அக்காவின் கை அப்படியே நின்றது. கரண்டியைச் சட்டிக்குள் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள். பாண்டியம்மாள் எழுந்திருக்கவில்லை. தட்டை மடியில் இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தாள்.

என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதில்லை. "என்ன சார் இது, அநியாயமா இருக்கு! பதினஞ்சு நாள் எண்ணிக்கை எங்க சார் போச்சு? ஜெயிக்கிற வரைக்கும் பிள்ளை, ஜெயிச்ச பிறகு கூடுதல் தலையா?"

"சத்தம் போடாதீங்க டீச்சர், பிள்ளைங்க பாக்குது."

"பாக்கட்டும் சார்! நல்லாப் பாக்கட்டும்!"

என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வந்து இருந்ததை எல்லாம் அந்தத் தட்டில் கொட்டினேன். பாண்டியம்மாள் தொடவில்லை. ஹெச்.எம். சாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பயந்திருந்தாள், அதுவும் என் சத்தத்துக்குத்தான்.

அதற்கடுத்த நாள் விருமாயி வந்தாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே போய், தட்டை ஹெச்.எம். சார் மேசையில் வைத்தாள்.

"இதை நீங்களே வச்சுக்கங்க சார். ஓட்டத்துக்குத்தேன் சோறு, புள்ளைக்கு இல்லேன்னா, அடுத்த தடவ ஓட்டத்தையும் நீங்களே ஓடிக்கங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "நீங்க சொன்னீகன்னுதேன் டீச்சரு விட்டேன்" என்றாள். மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பாண்டியம்மாள் அதோடு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. இரண்டு மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். பருத்தி எடுக்கப் போயிருக்கிறாள் என்பார்கள்.

அந்தத் தட்டு பீரோவுக்கு மேல், வருகிறவர்களின் கண்ணில் படும்படி நிமிர்ந்து நின்றது. அடுத்த ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, இப்பள்ளி உடற்கல்வியில் சிறந்து விளங்குகிறது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கும் ஒரு கடிதம் கிடைத்தது. பொது இடத்தில் சேலையைச் செருகிக்கொண்டு ஓடுவது ஆசிரியைக்குரிய கண்ணியம் ஆகாதாம், விளக்கம் தர வேண்டுமாம். தந்தேன். நான்கு பக்கம் எழுதினேன். ஒருத்தரும் பதில் போடவில்லை.

எல்லாருக்குமா?

அப்புறம் சத்துணவு வந்தது. எண்ணிக்கை இல்லை, பட்டியல் இல்லை, பள்ளிக்கூடத்தில் பெயர் இருந்தால் சோறு. சுடுசோறும் சாம்பாரும். முதல் சில நாள் பிள்ளைகளுக்கே நம்பிக்கை வரவில்லை, தட்டில் விழும்வரை கரண்டியையே பார்த்துக்கொண்டிருக்கும். ஹெச்.எம். சார் மாறுதலாகிப் போயிருந்தார். நான் அங்கேதான் இருந்தேன்.

அந்த வருடம் ஜூலையில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு, பாண்டியம்மாள் வந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும். பாவாடைக்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள், பருத்திக் காட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் போடுகிற மாதிரி. கையில் தங்கச்சியைப் பிடித்திருந்தாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

"அம்மா வரலையா?"

"காட்டுக்குப் போயிருச்சு டீச்சர். நானும் போகணும்."

தங்கச்சியின் பெயரை எழுதினேன். அவள் தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன.

"எல்லாருக்குமா டீச்சர்?"

"எல்லாருக்கும்."

"லிஸ்டு கிடையாதா?"

"கிடையாது பாண்டியம்மா."

சின்னவளைக் கொண்டுபோய் வரிசையில் உட்கார வைத்தாள். தட்டில் சோறு விழுந்தது. ஊதி ஊதி முதல் வாயை அவளே ஊட்டிவிட்டாள். விரலில் ஒட்டியிருந்த பருக்கையையும் தங்கச்சி வாயிலேயே வைத்தாள். சட்டியில் சோறு நிறைய இருந்தது. சமையல் அக்காவும் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன்.

"நீயும் உட்காருத்தா. ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

பாண்டியம்மாள் படக்கென்று எழுந்துகொண்டாள். "வேண்டாம் டீச்சர்" என்றாள். நான் விடவில்லை, கையைப் பிடித்தேன். உள்ளங்கை மரக்கட்டை மாதிரி காய்த்திருந்தது. அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், அப்புறம் என் காதருகே வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"எம் பேருதேன் பள்ளிக்கூடத்துல இல்லையே டீச்சர். ஆபீசரு யாராச்சும் வந்து எண்ணிப் பாத்தாகன்னா ஒங்களையில்ல கேப்பாக."